துறைமுக நிலையத்து மணி

மேற்குத் தாம்பரம்
9.6.2024

பிளஸ்ஸிக்கு,

நான் நலம். அம்மா நலம், முட்டிவலி பழைய அளவிலேயே இருக்கிறது. நீயும் நலம் என்று வைத்துக்கொள்கிறேன், இல்லையென்றால் எழுது. என் கடிதத்தை உனக்கு முன்னால் பிரித்துப் படிக்கப்போகும் உங்கள் பொறுப்பாளர் சிஸ்டர் எமரன்சியாவுக்கும் வணக்கம். இதில் ரகசியம் எதுவும் இல்லை, நிதானமாகப் படிக்கட்டும்.

இருபத்தேழு வயதில் முதல்முறையாகத் தபால்தலை ஒட்டுகிறேன். மடத்தில் சேர்ந்தால் ஒரு வருடம் போன் கிடையாது, வீட்டுக்கு வரக்கூடாது, மாதக் கடைசி ஞாயிறு மட்டும் கடிதம் என்று விதி வைத்தவர்கள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. அதை அப்புறம் எழுதுகிறேன். இப்போது அவசரம்.

ஆஸ்ட்ரவேல் நான்கு பாகமும் புதுப்பித்து ஒரே தொகுப்பாக வந்துவிட்டது. ரிச்சி தெருவில் வாங்கிய பழைய கன்சோலில் நானும் நீயும் மாற்றி மாற்றி விளையாடிய அதே விளையாட்டு. அதே விண்கலம், அதே எட்டுப் பேர். படம் பளபளவென்று இருக்கிறது. இசையைத் தொடவில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். நம் ரசிகர் குழுவுக்கு நான்கு பாகங்களின் இசையையும் ஒப்பிட்டு நீளமாக ஒரு கட்டுரை எழுதுகிறேன். என் வரிசை: மூன்று, ஒன்று, நான்கு, இரண்டு.

அஸ்கருக்கு இரண்டாம் பாகம்தான் முதலிடமாம். பாலிடெக்னிக்கில் என்னோடு படித்தும் அவனுக்கு அறிவு வளரவில்லை. இப்போது ஸ்டேஷன் பக்கம் அவன் அப்பா கடையில் ஹெட்போன் விற்கிறான், அதனால் இசை தெரியும் என்று நினைப்பு.

இரண்டாம் பாகத்தை நான் கடைசியில் போடுவதற்குக் காரணம் உண்டு. அது ஏமாற்று வேலை. தொடக்கத்தில் கலம் துறைமுக நிலையத்துக்குள் நுழையும்போது வரும் இசையும், முடிவில் எல்லாரும் நிலையத்தை விட்டுப் போகும்போது வரும் இசையும் ஒன்றே. ஒரே ஒலிக்கோப்பை இரண்டு இடத்தில் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். இதற்குத்தான் இத்தனை வருடமாக ஆளாளுக்கு அழுகிறார்கள்.

எனக்கு ஒரு சாட்சி வேண்டும். நீ கோவில் பாடகர் குழுவில் கீபோர்டு வாசித்தவள், காது உண்டு. இரண்டும் ஒன்றா, இல்லையா? ஒரு வரியில் பதில் போதும்.

ஜெர்சன்


நவதுறவியர் இல்லம், ஏற்காடு
30.6.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

இயேசுவுக்குப் புகழ். நான் நலம். இங்கே ஜூனிலும் ஸ்வெட்டர் போடுகிறோம். அம்மாவிடம் வெந்நீர் ஒத்தடத்தை விடவேண்டாம் என்று சொல். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

ஒரு வரியில் பதில்: இல்லை.

இப்போது நீளமான பதில். முதல் இசையில் எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சின்ன மணி கேட்கும். பியானோவின் கடைசிக் கட்டையைத் தொட்டதுபோல, ஊசி முனை அளவுக்கு. நான்கு தட்டுக்கு ஒரு தரம் வரும். அதுதான் நிலையத்தின் கலங்கரை. தூரத்தில் வரும் கலங்களுக்கு, இங்கே ஆள் இருக்கிறோம் என்று சொல்கிற மணி. முடிவில் மெட்டு அதே மெட்டுதான், ஆனால் அந்த மணி இருக்காது. நிலையத்தில் இனி ஒருவரும் இல்லை என்பதை யாரும் வாயால் சொல்வதில்லை. மணி நின்றுபோனதுதான் சொல்கிறது. ஆளாளுக்கு அழுவது அதற்குத்தான் அண்ணா.

இதை எனக்குக் காட்டியதே நீதான். மறந்துவிட்டாயா? எனக்கு அப்போது பதினொரு வயது. "ஏய், மேல கேளுடி, சேமியா ஐஸ் வண்டி மணி" என்று சொல்லி என் தலையைத் திருப்பி ஸ்பீக்கர் பக்கம் வைத்தாய். நானாக அதைக் கண்டுபிடித்திருக்க மாட்டேன்.

மூன்றாம் பாகத்துக்கு முதலிடமா? முரசும் கிதாரும் போட்டு மண்டையில் அடித்தால் அது உனக்கு இசை. முதல் பாகத்தைக் கேள். மூன்றே மூன்று பீப் ஒலிகளை வைத்துக்கொண்டு ஒரு கிரகத்தின் மழையைக் காட்டிவிடுகிறார்கள். நான்காம் பாகம் பற்றி உனக்கும் எனக்கும் சண்டை இல்லை, அது லிஃப்டில் போடுகிற இசை.

சிஸ்டர் எமரன்சியா உன் கடிதத்தைக் கொடுக்கும்போது, விண்கலத்துக்கு எதற்குத் துறைமுகம் என்று கேட்டார்கள். அரைமணி நேரம் விளக்கினேன்.

ஜெபத்தில் நினைக்கும்
பிளஸ்ஸி


மேற்குத் தாம்பரம்
7.7.2024

பிளஸ்ஸிக்கு,

எல்லாரும் நலம். சிஸ்டருக்கு வணக்கம். துறைமுகம் என்பது பெயர்தான், தண்ணீர் கிடையாது என்று அவர்களிடம் சொல்.

மணி இல்லை.

தொடக்க இசையை முப்பது தடவை கேட்டுவிட்டேன். முதலில் என் ஹெட்போனில் கேட்டேன், அப்புறம் அஸ்கர் கடையில் இரண்டு புது ஹெட்போன்களில், ஒன்று அவன் யாரையும் தொடவிடாத விலை. மூன்றிலும் இல்லை. ஐஸ் வண்டி எனக்கும் நினைவிருக்கிறது, அதனால் நீ கற்பனை செய்கிறாய் என்று சொல்லமாட்டேன். புதுப் பதிப்பில் மணியை வெட்டியிருக்கிறார்கள் என்று முடிவு செய்தேன். ஆனால் பரணில் இருந்து பழைய டிஸ்க்கை எடுத்துப் போட்டுப் பார்த்தால் அதிலும் இல்லை. பதினான்கு வருடத்து டிஸ்க், பூஞ்சை பிடித்திருக்கும்.

அஸ்கர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, "கேக்குது மச்சான், டிங்கு டிங்குனு நல்லாத்தான் கீது. உனுக்கு இன்னா ஆச்சு?" என்கிறான். வாக்குவாதத்தில் ஜெயிக்க எந்தப் பொய்யும் சொல்வான்.

கட்டுரையைப் போட்டுவிட்டேன். தலைப்பு: ஒரே கோப்பு, இரண்டு முறை. நாற்பத்தேழு பேர் திட்டியிருக்கிறார்கள். ஒருவன்கூட ஆதாரம் தரவில்லை. எல்லாரும் "எனக்குக் கேட்கிறது" என்கிறார்கள். கேட்கிறது என்பது ஒரு ஆதாரமா?

வீட்டிலும் எல்லாம் பழுது. மாடியில் தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் கத்துமே ஒரு அலாரம், அது செத்துவிட்டது. நேற்று தொட்டி வழிந்து எதிர்வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தார். உள்ளே இருக்கும் போர்டை மாற்றியும் கத்தவில்லை. அம்மாவோ தான் குளித்துக்கொண்டிருந்தபோது அது கத்தியது, நீதான் கீழே உட்கார்ந்திருந்தாய் என்கிறார்கள்.

சரியாக யோசித்து எழுது. அந்த மணி முதல் பாகத்தில் வந்ததாக இருக்குமோ?

ஜெர்சன்


ஏற்காடு
28.7.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

இயேசுவுக்குப் புகழ். இங்கே மழை, எல்லாருக்கும் ஜலதோஷம், எனக்கு மட்டும் இல்லை. நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன்.

மணி இரண்டாம் பாகத்தில்தான். நேற்று பாத்திரம் கழுவும்போது அந்த மெட்டை முனகிக்கொண்டே ஸ்பூனால் டம்ளரைத் தட்டினேன். பக்கத்தில் இருந்த நவதுறவி, இது எந்தப் பாட்டு சிஸ்டர் என்று கேட்டாள்.

நீ எதையும் சோதித்துப் பார்க்கிறவன். எனக்கு இங்கே எந்தக் கருவியும் இல்லை, அதனால் கேள்விதான் கேட்கமுடியும். பதில் மட்டும் சொல், ஏன் கேட்கிறேன் என்று கேட்காதே.

அம்மாவுக்கு அந்த ஹெட்போனை மாட்டிவிடு. மணி கேட்கும்போதெல்லாம் விரலைத் தூக்கச் சொல். நான்கு தட்டுக்கு ஒரு தரம் விரல் தூக்குகிறார்களா?

தொட்டி அலாரத்தை நீ அதன் பக்கத்தில் நின்று சோதித்தாயா, கீழே இருந்தா?

தொழிற்சாலையில் காதடைப்பான் இப்போதாவது போடுகிறாயா?

அவ்வளவுதான். அஸ்கர் அண்ணாவுக்கு என் வணக்கம். அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை.

பிளஸ்ஸி


மேற்குத் தாம்பரம்
11.8.2024

பிளஸ்ஸிக்கு,

நலம், நலம். சிஸ்டருக்கும் வணக்கம்.

அம்மாவை வைத்துப் பரிசோதனை செய்ய முடியாது. அம்மாவிடம் விரலைத் தூக்கச் சொன்னால், நான் முகத்தைச் சுளிக்காமல் இருப்பதற்காகவே தூக்குவார்கள். மனிதக் காது அளவுகோல் ஆகாது. நான் நேராக அளந்துவிட்டேன். ஒலிக்கோப்பைப் படமாக வரைந்து காட்டும் மென்பொருள் இருக்கிறது. தொடக்கக் கோப்பில் 4186 ஹெர்ட்ஸில் வரிசையாகப் புள்ளிகள் விழுகின்றன. முடிவுக் கோப்பில் அவை இல்லை. ஆகவே நீ சொன்ன மணி இருக்கிறது. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒலிக்கவில்லை.

இது சுவாரசியமான பழுது. கோப்பில் இருக்கும் ஒன்று வெளியே வரமாட்டேன் என்கிறது. கம்ப்யூட்டரின் ஒலிச் சிப் அந்த இடத்தை விழுங்குகிறது என்று சந்தேகம். தனி ஒலிப்பெட்டி ஒன்று ஆர்டர் செய்திருக்கிறேன்.

தொட்டி அலாரத்தை ஒரு அடி தூரத்தில் வைத்துச் சோதித்தேன். உள்ளே வட்டத் தகடு அதிர்கிறது, விரலில் தெரிகிறது. சத்தம் மட்டும் ஏதோ பூச்சி இருமுவதுபோல. மட்டமான தகடு.

காதடைப்பான் கேள்வி எதற்கு என்று தெரியவில்லை. பெட்டியில் இருக்கிறது, ஆய்வுக்கு யாராவது வந்தால் போடுவேன். எங்கள் பட்டறையில் பதினோரு பிரஸ் ஓடுகிறது. ஒவ்வொன்றும் தகட்டை வெட்டும்போது தரை அதிரும். எதில் பேரிங் போகப்போகிறது என்று நான் காதால் கேட்டுத்தான் சொல்கிறேன். திருமுடிவாக்கம் தொழிற்பேட்டை முழுக்க அதற்குத்தான் என்னைத் தெரியும். காதை அடைத்துக்கொண்டு எப்படிக் கேட்பது?

இன்னொன்று. மழைக்குப் பிறகு வீட்டுக்குள் ஒரு சீவண்டு புகுந்துவிட்டது. ஓயாமல் கத்துகிறது. பீரோவை நகர்த்தியும் தேடிவிட்டேன், கிடைக்கவில்லை. அம்மாவுக்குக் கேட்கவே இல்லையாம். வயதாகிறது.

ஜெர்சன்


ஏற்காடு
29.9.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

இயேசுவுக்குப் புகழ். ஆகஸ்டு ஞாயிறு எழுதவில்லை, மன்னித்துக்கொள். உடம்புக்கு ஒன்றும் இல்லை. எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. அம்மா நலமா? கை, கால் எல்லாம் பத்திரமாக இருக்கிறாயா?

சிஸ்டர் எமரன்சியாவிடம் ஒரு அனுமதி கேட்டேன். நவதுறவிக் காலத்தில் வீட்டுக்குப் போன் பேசுவது இங்கே வழக்கமில்லை. எதற்கு என்று கேட்டார்கள். உன் கடைசிக் கடிதத்தை மறுபடி படிக்கச் சொன்னேன். படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சீவண்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். அப்புறம் ஐந்து நிமிடம் கொடுத்தார்கள்.

அக்டோபர் 13, ஞாயிறு மாலை நான்கு மணி. அலுவலகத் தொலைபேசியில் இருந்து அழைப்பேன். நீயே எடு. எழுத வராத ஒன்றைச் சொல்லவேண்டும்.

மணியைப் பற்றி இந்தத் தடவை எதுவும் எழுதவில்லை.

பிளஸ்ஸி


மேற்குத் தாம்பரம்
20.10.2024

பிளஸ்ஸிக்கு,

இங்கே எல்லாரும் நலம். சிஸ்டர் எமரன்சியாவுக்கு வணக்கத்தோடு ஒரு வேண்டுகோள்: தொலைபேசித் துறைக்கு ஒரு புகார் கொடுங்கள்.

அரைமணி முன்னாலேயே போனை எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஐந்து மாதத்துக்குப் பிறகு உன் குரல். குரல் வந்தது, சொல் வரவில்லை. தண்ணீருக்கு அடியில் இருந்து யாரோ பேசுவதுபோல. நீ வேறு மெதுவாகப் பேசுகிறாய். மடத்தில் அப்படிப் பேசச் சொல்கிறார்களோ என்னவோ. நான் பாட்டுக்குச் சரி சரி என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பொறுக்கமுடியாமல் லைன் சரியில்லை என்று அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அம்மா மூன்று நிமிடம் பேசினார்கள். சிரித்தார்கள், நடுவில் என்னைப் பார்த்தார்கள், போனை வைத்துவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டார்கள். கேட்டால், "ஒன்னுமில்லடா, அப்புறம் சொல்றேன்" என்கிறார்கள். பாதி புரியாமல் புரிந்ததாகக் காட்டிக்கொள்வது அம்மாவின் பழக்கம்.

புது ஒலிப்பெட்டி வந்துவிட்டது. அதிலும் மணி இல்லை. என் கட்டுரைக்குக் கீழே இப்போது நூறு பேர். குழு நிர்வாகி திருத்தம் போடு என்கிறான். எனக்குக் கேட்காத ஒன்றுக்கு நான் எப்படித் திருத்தம் போடுவது?

போனில் என்ன சொன்னாய்? எழுது.

ஜெர்சன்


ஏற்காடு
27.10.2024

அண்ணா,

நான் நலம். இந்தத் தடவை மற்ற விசாரிப்புகள் கடைசியில்.

லைன் நன்றாக இருந்தது. சிஸ்டர் எமரன்சியா மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள், நீ பேசியது அவர்களுக்கே கேட்டது. நான் சொன்னது இதுதான்: "அண்ணா, நீ காதைக் காட்டு, டாக்டர்கிட்ட போ." முதல் தடவை சொன்னதற்கு நீ "சரி சரி" என்றாய். இரண்டாம் தடவை "சாப்பிட்டேன்" என்றாய். மூன்றாம் தடவை கத்திச் சொன்னேன், மடமே திரும்பிப் பார்த்தது. நீ "ஆமா, இங்கயும் மழைதான்" என்றாய்.

ஜூலையிலேயே எனக்குத் தோன்றிவிட்டது. அந்த ஐஸ் வண்டி மணியை என் தலையைத் திருப்பிக் காட்டியவனுக்கு அது கேட்கவில்லை என்றால் ஹெட்போன் மேல் எப்படிச் சந்தேகம் வரும்? ஒரு வரி எழுதினேன், கிழித்தேன். இன்னொரு கடிதத்திலும் எழுதினேன், அதையும் கிழித்தேன். நான் சொன்னால் நீ ஆதாரம் கேட்பாய். என்னிடம் இருந்தது ஒரு ஸ்பூனும் டம்ளரும். அதனால் கேள்வியாகக் கேட்டேன். நீயாகக் கண்டுபிடித்துவிடுவாய் என்று நினைத்தேன். அது என் தப்பு. மூன்று மாதம் வீணாகிவிட்டது.

உன் வீட்டில் சீவண்டு இல்லை அண்ணா.

நீ இப்போது அந்த இசையைத் தொடக்கக் காட்சியிலேயே மணி இல்லாமல் கேட்டுக்கொண்டிருக்கிறாய். கலம் உள்ளே வரும்போதே உனக்கு நிலையம் காலி.

அம்மாவைக் கோபித்துக்கொள்ளாதே. உனக்கு நான்தான் எழுதுவேன், நீங்கள் சொல்லவேண்டாம் என்று நான் சொன்னேன். உடம்பைப் பார்த்துக்கொள். இதைச் சும்மா கடித வழக்கத்துக்காகச் சொல்லவில்லை.

பிளஸ்ஸி


ஏற்காடு
29.12.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

கிறிஸ்து பிறப்பு வாழ்த்துகள். வருகிற ஆண்டு உனக்கும் அம்மாவுக்கும் சுகமாக இருக்கட்டும்.

நவம்பர் முழுக்கத் தபால் இல்லை. டிசம்பரிலும் இல்லை. முடிச்சூர்ப் பக்கம் தண்ணீர் நின்றது என்று இங்கே பேப்பரில் பார்த்தோம், அம்மா ஒரு கார்டு போட்டதால் வீடு பத்திரம் என்று தெரிந்தது. அந்தக் கார்டில் உன்னைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

சிஸ்டர் எமரன்சியா ஞாயிறுதோறும் "தாம்பரம் வந்துச்சா?" என்று தபால் பையை அவர்களே கொட்டிப் பார்க்கிறார்கள்.

கோபம் என்றால் கோபம் என்றாவது எழுது.

பிளஸ்ஸி


மேற்குத் தாம்பரம்
19.1.2025

பிளஸ்ஸிக்கு,

அம்மா நலம். நான் எப்படி இருக்கிறேன் என்பதைக் கீழே எழுதுகிறேன். சிஸ்டர் எமரன்சியாவுக்கு வணக்கம். தபால் பையைக் கொட்டவைத்ததற்கு மன்னிப்பு.

கோபம்தான். உன் அக்டோபர் கடிதத்தைப் படித்துவிட்டு டிவி அடியில் போட்டேன். உனக்கு மடத்தில் பொழுது போகவில்லை என்று அம்மாவிடம் சொன்னேன். சொன்னதை எழுதிவிடுவது நல்லது.

பொங்கலுக்கு முந்தின வாரம் பட்டறையில் ஆறாம் நம்பர் பிரஸ்ஸுக்குக் கீழே குனிந்து எண்ணெய்க் குழாய் பார்த்துக்கொண்டிருந்தேன். தீனா என் சட்டைக் காலரைப் பின்னால் இருந்து பிடித்து இழுத்தான். அவன் அந்த பிரஸ்ஸின் ஆபரேட்டர். மல்லாக்க விழுந்தேன். நான் குனிந்திருந்த இடத்தில் ஃபோர்க்லிஃப்டின் பின்சக்கரம் நின்றது. ஓட்டியவர் லாசரஸ் அண்ணன். இறங்கி நின்றார். நான் என்ன செய்தேன் தெரியுமா? அவரைத் திட்டினேன். பின்னால் வரும்போது பீப் அடிக்கவேண்டாமா, பீப்பர் வேலை செய்யாத வண்டியை எதற்கு எடுக்கிறீர்கள் என்று கத்தினேன். தீனா, "அண்ணே, அது அடிச்சிக்கினுதான் வந்துச்சு" என்றான். நான் கேட்கவில்லை. பழுதுச் சீட்டு எழுதிக் கொடுத்தேன்: ஃபோர்க்லிஃப்ட், ரிவர்ஸ் பீப்பர், ஒலி இல்லை.

மறுநாள் சீட்டு திரும்பி வந்தது. பின்பக்கம் ஸ்டோர் லோகநாயகி அக்கா கையெழுத்து: சோதித்தோம், பீப்பர் சரியாக உள்ளது, எல்லோருக்கும் கேட்கிறது.

அந்தச் சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். தொட்டி அலாரம், ஃபோர்க்லிஃப்ட் பீப்பர், துறைமுக நிலையத்து மணி. மூன்றும் வேறு வேறு கம்பெனி, வேறு வேறு இடம். மூன்றும் ஒரே நேரத்தில் கெட்டுப்போக வாய்ப்பு இல்லை. அப்படி வந்தால் மூன்றுக்கும் பொதுவான பாகத்தைக் கழற்றிப் பார் என்று நானே புதுப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். பொதுவானது நான்.

குரோம்பேட்டையில் ஒரு காது டாக்டரிடம் போனேன். கண்ணாடி அறையில் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் விரலைத் தூக்கச் சொன்னார்கள். நீ ஜூலையில் எழுதிய அதே பரிசோதனை. படத்தை இதோடு வைத்திருக்கிறேன். கோடு நேராகப் போகிறது, நாலாயிரம் ஹெர்ட்ஸில் கிணறு மாதிரி இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது. இரண்டு காதிலும். இரைச்சலில் வேலை செய்கிறவர்களுக்கு முதலில் போவது அந்த இடம்தானாம். உன் மணி சரியாகக் கிணற்றுக்குள் விழுகிறது.

போனது வராது. மிச்சத்தைக் காப்பாற்றலாம். சீவண்டு என் காதுக்குள்தானாம், அது இருக்கும், பழகிக்கொள் என்றார் டாக்டர். இப்போது காதடைப்பான் போடுகிறேன். பேரிங்குக்கு அதிர்வுமானி வாங்கித் தரச்சொல்லி முதலாளியிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். காதுக்காரன் என்ற பெயர் இனி கிடையாது.

என் வரிசையைப் பார்த்தேன். மூன்றாம் பாகம் முதலிடம், இரண்டாம் பாகம் கடைசி. மூன்றாம் பாகத்தில் இருப்பது பூராவும் முரசு, கீழ்ச் சத்தம். இப்போது காரணம் தெரிகிறது. உன்னைத் திட்டியதற்கும் சேர்த்து ஒரு மன்னிப்பு. இதற்கு மேல் எனக்கு எழுத வராது.

ஜெர்சன்


ஏற்காடு
26.1.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

இயேசுவுக்குப் புகழ். தீனாவுக்கு என் பெயரைச் சொல்லி நன்றி சொல். அவருக்காக இன்று பூசையில் வேண்டிக்கொண்டேன். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை, சிஸ்டர் எமரன்சியாவுக்கு மட்டும் தெரியும். படத்தை அவர்கள் வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார்கள். நான் கொஞ்சம் அழுதேன். அதை எழுதாமல் விடவேண்டாம் என்று தோன்றியது.

ஒரு திருத்தம். மூன்றாம் பாகம் உனக்குப் பிடித்ததற்குக் காரணம் காது இல்லை. பதிமூன்று வயதிலும் உனக்கு அதுதான் பிடித்தது. அது வெறும் ரசனைக் கோளாறு. எல்லாவற்றையும் கிணற்றில் போடாதே.

இனி வேலை. என் கீபோர்டு பீரோ மேல் உறையோடு இருக்கும், இறக்கு. வலது ஓரக் கடைசிக் கட்டையை ஒன்று என்று வைத்து, இடது பக்கமாக வெள்ளைக் கட்டைகளை எண்ணு. எட்டாவதில் நிறுத்து. அதுதான் அந்த மணி, இரண்டு ஸ்தாயி கீழே. உன் கணக்கில் 4186-ஐ நான்கால் வகுத்துக்கொள். உன் படத்தின்படி அந்த இடத்தில் கோடு நேராக இருக்கிறது.

தொடக்க இசையைப் போடு. ஆரம்பத்தில் வரும் ரீங்காரம் முடிந்ததும் நான்கு எண்ணு. ஒன்று என்று வரும்போது தொடு. மெதுவாக, ஆணி அடிக்காதே. நான்குக்கு ஒரு தரம். மூன்று சுற்று முடிந்து நான்காவது சுற்றில் மட்டும் மணி வராது, சும்மா இரு. பிறகு மறுபடி மூன்று. கலங்கரை சுற்றித் திரும்புகிற நேரம் அது என்று நான் நினைத்துக்கொள்வேன். நீ அதைக் கவனித்ததே இல்லை, அப்போதும்.

எப்படி இருந்தது என்று எழுது.

பிளஸ்ஸி


மேற்குத் தாம்பரம்
16.2.2025

பிளஸ்ஸிக்கு,

அம்மா நலம், மாடி ஏறுகிறார்கள். நான் இருக்கிற காதோடு நலம். சிஸ்டர் எமரன்சியாவுக்கு வணக்கம், அந்தப் படத்தை அவர்களே வைத்துக்கொள்ளட்டும், என்னிடம் நகல் இருக்கிறது.

கீபோர்டில் எட்டாவது வெள்ளைக் கட்டை 1046 ஹெர்ட்ஸ். அளந்தேன், சரி. அஸ்கரை வரச்சொன்னேன். அவன் ஹெட்போன் மாட்டிக்கொண்டு எனக்கு எதிரில் உட்கார்ந்தான், மணி அடிக்கும்போது விரலைத் தூக்கச் சொன்னேன். நான் ஸ்பீக்கரில் மெட்டைக் கேட்டுக்கொண்டு கட்டையைத் தொட்டேன். முதல் தடவை இருவரும் ஒன்றாகவே வரவில்லை. "அவசரப்படாத மச்சான், அது உன் பிரஸ் மிஷின் இல்ல" என்றான். ஏழாவது தடவை அவன் விரலும் என் விரலும் ஒன்றாக வந்தன. நான்காவது சுற்றில் இரண்டு பேரும் சும்மா இருந்தோம். கலம் உள்ளே வந்தது. நிலையத்தில் ஆள் இருந்தார்கள்.

அப்புறம் அஸ்கர் முடிவுக் காட்சியைப் போட்டான். அதே மெட்டு. என் விரல் பழக்கத்தில் கட்டை மேல் இருந்தது. ஒன்று என்று எண்ணி அவனைப் பார்த்தேன். அவன் விரல் எழவில்லை. நானும் என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். இசை முடியும்வரை இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம். சமையலறையில் இருந்து எட்டிப்பார்த்த அம்மா, "ஏன்டா, யாருக்கு என்ன ஆச்சு?" என்றார்கள்.

கட்டுரையின் மேலே திருத்தம் போட்டுவிட்டேன். கோப்புகள் இரண்டு. தவறு என்னுடையது. இரண்டாம் பாகம் இப்போது இரண்டாம் இடத்தில். முதலிடம் மூன்றாம் பாகத்துக்குத்தான், அதில் மாற்றம் இல்லை.

உன் கடிதங்களை வரிசையாக அடுக்கிப் படித்தேன். அங்கே நீ விடியற்காலை எத்தனை மணிக்கு எழுகிறாய், ஏன் போனாய், பிடித்திருக்கிறதா, ஒன்றைக்கூட நான் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். நீளமாக எழுது.

மே மாதம் உன் முதல் துறவற வார்த்தைப்பாட்டுக்கு நானும் அம்மாவும் வருகிறோம், பதிவு தொடங்கும் நாளிலேயே ரயிலுக்குப் பதிவு செய்துவிடுவேன். முன் வரிசையில் இடம் பிடித்து வை. அன்று பீடத்தின் முன்னால் நீ சொல்லப்போகிற வார்த்தைகளை முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி அனுப்பு. நீ மெதுவாகத்தான் பேசுவாய். தாளைக் கையில் வைத்துக்கொண்டு உன் உதட்டைப் பார்த்துக்கொண்டே படித்துவிடுகிறேன்.

ஜெர்சன்